வேலிக்கு அந்தப் பக்கத்து ஐரிஸ்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ரிம்மா அர்காதியெவ்னா தோம்ஸ்க் நகரிலிருந்து புறநகர் ரயிலில் வந்து இறங்கித் தன் தாச்சாவின், அதாவது கோடைகாலத் தோட்டவீட்டின், படலைத் திறந்தாள். தோளில் தொங்கிய பையை இறக்கி வைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த ஐரிஸ் பூச்செடியின் தூரில் பாதியைக் காணோம்.

நாய் பறித்திருக்கலாம், எலி தின்றிருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியே இல்லை. கேக்கை வெட்டி எடுத்ததுபோல மண்வெட்டியால் நேராக இறக்கி எடுத்திருந்தார்கள். வெட்டுப்பட்ட கிழங்குகளின் வெள்ளை முகம் இன்னும் முழுக்கக் கறுக்கவில்லை.

அந்தத் தெருவில் எல்லார் தோட்டத்திலும் சைபீரிய ஐரிஸ் உண்டு. ஆனால் எல்லாம் ஊதாநீலம். ரிம்மாவினுடையது மட்டும் வேறு. நிமிர்ந்து நிற்கும் உள்ளிதழ்கள் பால் வெள்ளை, தொங்கும் வெளியிதழ்கள் வெண்ணெய் மஞ்சள். அவள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், பல் கட்டிக்கொள்ள வந்த ஒரு தாவரவியல் பேராசிரியை ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்த கன்று அது. ஜூன் மாதத்தில் அது பூத்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். யார் கேட்டும் ரிம்மா கன்று கொடுத்ததில்லை. "இன்னும் பிரிக்கிற அளவுக்கு வரல" என்பாள். உண்மையில் பிரிக்கிற காலம் எப்போதோ தாண்டிவிட்டது. தூரின் நடுப்பகுதி செத்துக் கட்டையாகி, வழுக்கைத் தலையைச் சுற்றி முடி நிற்பதுபோல ஓரத்தில் மட்டும் இலை நின்றது. இந்த வருடம் கட்டாயம் பிரித்து நட்டுவிட வேண்டும் என்று வசந்தத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேத்திக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் மகள் வீட்டில் இருந்தாள். அந்த வாரத்தில்தான் இது நடந்திருக்கிறது. புருஷன் வாதிமிடம் கேட்கலாமென்றால் அவன் தானும் அண்ணன் கோல்யாவும் பிறந்து வளர்ந்த கிராமத்துக்குப் போயிருந்தான். இங்கே இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள். குளியலறை அடுப்பின் புகைபோக்கி விஷயமாக இருவருக்கும் சண்டை வந்து, முகம் கொடுத்துப் பேசி நாளாகியிருந்தது. தவிர, பூச்செடி இருக்கும் பக்கமே அவன் எட்டிப் பார்க்கிறவன் அல்ல.

தலையைத் திருப்பினாள். கம்பிவலை வேலிக்கு அந்தப் பக்கம், தைஸியா இக்னாத்யெவ்னாவின் தோட்டத்தில், போன வாரம் இல்லாத ஒரு பாத்தி இருந்தது. புதிதாகக் கொத்திய மண். அதில் சாண் உயரத்துக்குக் கத்தரித்துவிட்ட ஐரிஸ் கன்றுகள் வரிசையாக நின்றன.

ரிம்மாவுக்குக் காது மடல் சூடேறியது.

தைஸியா அந்தத் தெருவுக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. யாரோடும் வம்புக்குப் போகாத பெண்பிள்ளை. ஆனாலும் தெரு அவளைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தது. காரணம் அவள் மகன் மகார். ஒரு கிடங்கிலிருந்து செம்புக் கம்பி திருடி மாட்டிக்கொண்டு சிறைமுகாமில் இருந்தான். இப்போதும் அவள் வீட்டு ஜன்னலில் திரை மூடியிருந்தது. மகனைப் பார்க்கத்தான் போயிருப்பாள்.

"பிள்ளை அப்படின்னா, எங்கிருந்து கத்துக்கிட்டிருப்பான்?" ரிம்மா வாய்விட்டே சொன்னாள். பக்கத்தில் யாருமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

உருளைக்கிழங்கு தோண்டுகிற பல்முள்ளை எடுத்துக்கொண்டாள். தைஸியாவின் படலுக்குப் பூட்டு கிடையாது, ஒரு கொக்கிதான். பட்டப்பகலில், தன் சொத்தை எடுக்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்தே போனாள். புதுமண் என்பதால் கன்றுகள் சிரமமில்லாமல் வந்தன. ஒன்றைக்கூட விடாமல் துத்தநாக வாளியில் அள்ளிக்கொண்டு வந்தாள். அந்த வேகத்திலேயே மிச்சமிருந்த தன் பாதித் தூரையும் கிளப்பிப் போட்டாள். இரண்டு பல்முள்களை முதுகோடு முதுகாகத் தூருக்குள் இறக்கி, இரு கைப்பிடிகளையும் விலக்கிப் பிளந்தாள். வராத இடத்தில் கைக்கோடரியால் ஒரு போடு. நடுவிலிருந்த செத்த கட்டையைக் குப்பைக் குழியில் எறிந்தாள். எல்லாக் கன்றுகளையும் ஒன்றாகத் தொட்டியில் போட்டு மண் போக அலசி, இலையை ஒரே அளவாகக் கத்தரித்து, வாய்க்கால் ஓரமாக நீளமாக ஒரு வரிசை நட்டு, ஒவ்வொன்றுக்கும் குடம் சாய்ந்ததுபோலத் தண்ணீர் விட்டாள். முதுகு விட்டுப்போயிற்று. ஆனாலும் அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த நல்ல தூக்கம்தான் அவளைக் கூசவைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாதிம் வந்தான். ஒரு வார்த்தை பேசாமல் பீட்ரூட் சூப்பை எடுத்து வைத்தாள். அவனும் பேசாமல் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில், சண்டையை முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியதோ என்னவோ, தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"வச்சிட்டேன்."

"எதை?"

"அண்ணன் கல்லறையில. உன் பூவை. பாதி தூரு எடுத்துட்டுப் போனேன். நீதானே ஏப்ரல்ல சொன்ன, பிரிக்கும்போது கோல்யாவுக்குக் கொஞ்சம் கொண்டு போய் வைக்கணும்னு. அங்க ஈரம் நல்லாத்தான் இருக்கு, ஆத்தங்கரை. பிடிச்சுக்கும்."

ரிம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சொல்லியிருந்தாள். அவளேதான் சொல்லியிருந்தாள்.

"என்ன, தப்பா? பூ விஷயத்துல கை வச்சா நீ கத்துவேன்னு தெரியும். ஆனா நீதான் பேசவே மாட்டேங்குறியே, யாரைக் கேக்குறது?"

"தப்பில்ல" என்றாள். "நல்லதுதான் பண்ணின. சூப்பு இன்னும் ஊத்தவா?"

நடந்ததை அவனிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவள், வாய்க்கால் ஓரத்து வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெயிலில் கன்றுகள் சற்றே வாடி, எல்லாம் ஒன்றுபோல நின்றன.

அதுதான் சிக்கல். பூக்காத ஐரிஸில் எது வெள்ளை, எது நீலம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மறுநாள் விடிந்ததும் எல்லாவற்றையும் தோண்டி மண்ணில் பரப்பி வைத்துக்கொண்டு மண்டியிட்டுப் பார்த்தாள். தைஸியாவின் கன்றுகளில் முதலில் செம்மண் ஒட்டியிருந்தது. அதைத்தான் தொட்டியில் போட்டு சுத்தமாக அலசிவிட்டாளே. இலையின் அகலம் பார்த்தாள், கிழங்கின் நிறம் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். கடைசியில் குத்துமதிப்பாக ஒரு வாளி நிரப்பிக்கொண்டு, தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுத் தைஸியாவின் தோட்டத்துக்குள் நுழைந்தாள். வெள்ளிக்கிழமை நிமிர்ந்து போன அதே படலில் இன்று குனிந்து போனாள்.

பாதிதான் நட்டிருப்பாள். பின்னால் கொக்கி சத்தம் கேட்டது.

"அடியம்மா! ரிம்மா அர்காதியெவ்னா!"

தைஸியா இரண்டு கைகளிலும் பைகளோடு நின்றாள். ரயிலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்த முகம். அந்த முகம் மெல்ல மெல்ல மலர்வதை ரிம்மா மண் படிந்த கைகளோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் செடியை நீங்க நடுறீங்களா? வாடிப் போச்சா? எனக்குத் தெரியும், அவசரத்துல மேலாகக் குத்திட்டு ஓடினேன். ரயிலுக்கு நேரமாச்சு. அய்யோ, இலையெல்லாம் எவ்வளவு அழகா வெட்டியிருக்கீங்க! வேரைக்கூட அலசியிருக்கீங்களே!"

"அது வந்து, தைஸியா இக்னாத்யெவ்னா..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. உங்களுக்குத் தெரியாது இது எனக்கு என்னன்னு. நாங்க முன்னாடி இருந்த மரவீட்டை இடிக்கிறாங்க. முற்றத்துல அங்க குடியிருந்த பொம்பளைங்க எல்லாரும் சேந்து வச்ச செடி இது. புல்டோசர் வர்றதுக்கு முன்னால போய்த் தோண்டி, சாக்குல கட்டி ரயில்ல தூக்கிட்டு வந்தேன். டிக்கெட் பாக்குறவன், 'பிணமா அது'ன்னு கேக்குறான்!" அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நகருங்க, நான் தண்ணி கொண்டு வரேன்."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ரிம்மா அதைத் தேடினாள். அது கிடைப்பதற்குள் தைஸியா தண்ணீரோடு வந்துவிட்டாள். பிறகு பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். தேன் போட்ட ரொட்டி, நல்ல கடையில் வாங்கியது, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து மறுபடி சுற்றிய காகிதத்தோடு.

"மகாருக்கு வாங்கிட்டுப் போனேன். இந்தத் தடவை அளவு மீறிடுச்சுன்னு முகாம்ல பிரிச்சுப் பாத்துட்டுத் திருப்பிட்டாங்க. நீங்க சாப்பிடுங்க. மாட்டேன்னு சொல்லக்கூடாது."

ரிம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவளால் ஒன்றைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வாதிம் தேநீரில் தோய்த்துத் தின்று தீர்த்து, "நல்லாயிருக்கே, எங்க வாங்கின?" என்று கேட்டான்.

சனிக்கிழமைதோறும் தெருமுனைக்கு ரஷீத்தின் மளிகை வண்டி வரும். ரொட்டி, பால், மாவு எல்லாம் அதில்தான். வரிசையில் நிற்கிற பெண்களிடம் தைஸியா அந்த விஷயத்தைச் சொன்னாள். ஒரு தடவையோடு விட்டாளா என்றால் இல்லை. புதிதாக ஒருத்தி வரிசையில் சேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

"இத்தனை வருஷத்துல என் படலைத் திறந்து உள்ள வந்த ஆளு இவங்க ஒருத்தர்தான். அதுவும் நான் இல்லாதப்ப, யாருக்கும் தெரியாம செஞ்சுட்டுப் போகணும்னு நினைச்சிருக்காங்க. நான் மட்டும் அந்த ரயிலைப் பிடிக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது!"

"நம்ம ரிம்மாவா? பூக்கன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாளே!" என்றாள் ஐராய்தா. அந்தத் தெருவில் எல்லாருக்கும் மூத்தவள் அவள்தான், வாயும் கொஞ்சம் பெரிசு.

எல்லாரும் சிரித்தார்கள். ரிம்மாவும் சிரித்துவைத்தாள். அதன்பிறகு தைஸியா வரிசையில் நிற்பது தெரிந்தால் வாதிமை ரொட்டி வாங்க அனுப்பினாள். தைஸியாவோ வேலியோரமாகத் தக்காளி நீட்டினாள், காளான் ஊறுகாய் நீட்டினாள், முட்டைக்கோஸை உள்ளே வைத்து பிரோக் அப்பம் சுட்டால் ஒரு துண்டு மூடிய தட்டில் வந்தது. வாங்க வாங்க ரிம்மாவுக்குத் தன் மேலேயே வெறுப்பு ஏறியது. பனி விழுந்து எல்லாரும் நகரத்துக்குப் போனபோதுதான் மூச்சு விட்டாள். ஆனால் நகரத்து வீட்டில், அடுக்களையில் வெறுமனே நிற்கும்போது, தைஸியாவின் முகம் மலர்ந்த அந்தக் காட்சி திடீரென்று வரும். முகம் சுண்டி, "சே" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். "என்ன?" என்பான் வாதிம். "ஒண்ணுமில்ல, கை சுட்டுக்கிட்டேன்" என்பாள்.

ஜூன் வந்தது. பிரித்து நட்ட முதல் வருடம் ஐரிஸ் நிறையப் பூக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்தது. பூத்தது போதாதா? ரிம்மாவின் வரிசையில் வெள்ளைக்கு நடுவே மூன்று இடத்தில் நீலம். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ரிம்மா அர்காதியெவ்னா! ஓடி வாங்க! நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!"

தைஸியாவின் நீலப் பாத்தியில் இரண்டு வெள்ளைப் பூக்கள், வெண்ணெய் மஞ்சள் வெளியிதழ்களோடு.

"உங்க வெள்ளையைக்கூட எனக்குக் கொடுத்திருக்கீங்க! யாருக்குமே கொடுக்காததை! அதையும் சொல்லாம வச்சிட்டுப் போயிருக்கீங்களே, நீங்க என்ன மனுஷி!" தைஸியா வேலிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கையின் சூட்டைத்தான் ரிம்மாவால் தாங்க முடியவில்லை.

"நான் கொடுக்கல" என்றாள். "நான் திருடினேன்."

"என்னது?"

"போன வருஷம். உங்க செடியை நான்தான் புடுங்கினேன். எல்லாத்தையும். என்னோடது காணாமப் போயிருந்துச்சு, நீங்க எடுத்துட்டீங்கன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா எங்க வீட்டுக்காரர்தான் எடுத்திருக்காரு. நீங்க பாத்தப்ப நான் திருப்பி வச்சிட்டிருந்தேன். ரெண்டும் கலந்துபோச்சு, பிரிக்கத் தெரியல. அதான் வெள்ளை."

தைஸியா உடனே கையை எடுக்கவில்லை. சொன்னது புரியப் புரிய விரல் விரலாகத் தளர்ந்து, பிறகுதான் எடுத்தாள்.

"இந்தத் தெருவுல இத்தனை பேர் இருக்காங்க" என்றாள் மெதுவாக. "என்னை ஏன் நினைச்சீங்க?"

ரிம்மா வேலிக் கம்பியில் காய்ந்திருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"மகாராலயா?"

பொய் சொல்ல ஒரு வினாடி இடம் இருந்தது. புதுப் பாத்தியைப் பார்த்ததால் என்று சொல்லியிருக்கலாம், அதுவும் பாதி உண்மைதான். "ஆமா" என்றாள்.

தைஸியா தலையாட்டினாள். கோபித்துக் கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், கிழிசல் துணி இரண்டு துண்டு எடுத்து வந்து, இரண்டு வெள்ளைக் கன்றுகளின் அடியிலும் அடையாளமாகக் கட்டினாள். "பூக்கும்போது தோண்டினா செத்துரும்" என்றாள், ரிம்மாவைப் பார்க்காமலே. "ஆகஸ்ட்ல எடுத்துக்குங்க."

அன்று சாயங்காலம் ரிம்மா புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மோவாயைத் தடவிக்கொண்டான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நாமதான் பேசிக்கலையே."

"ஆமா" என்றான். "அது சரி."

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை வண்டி வரிசையில், பாராட்டும் பேச்சு மறுபடி வந்தது. இந்த முறை தைஸியா வாயைத் திறக்கவில்லை, தள்ளி நின்றுகொண்டிருந்தாள். ஐராய்தாதான் ஆரம்பித்தாள். "தைஸியா பாத்தியில உன் வெள்ளை பூத்திருக்காமே ரிம்மா? அவளுக்கு மட்டும் கொடுப்ப, எங்களுக்கெல்லாம் கிடையாதா?"

ரிம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். மறைக்காமல், தடுமாறித் தடுமாறி, முழுவதும். ரஷீத் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான். சொல்லி முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தாள். ஆனது இதுதான்:

"அட, இதுக்கா இவ்வளவு?" என்றாள் ஐராய்தா. "யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. வீட்டுல அப்படி ஒரு பிள்ளைய வச்சிக்கிட்டு..." தைஸியா நிற்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினாள்.

"திருடினது நான், ஐராய்தா. அவங்க இல்ல" என்றாள் ரிம்மா. குரல் கிறீச்சிட்டது.

தைஸியா எதுவும் வாங்காமல் வரிசையை விட்டு விலகினாள். ரிம்மா பின்னாலேயே ஓடினாள். ரோட்டோரப் பள்ளத்தருகே தைஸியா நின்று திரும்பினாள்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது?"

"எல்லாரும் உண்மையத் தெரிஞ்சுக்கட்டும்னு..."

"எனக்காகவா சொன்னீங்க? உங்க பாரத்தை இறக்கி வச்சீங்க. இந்த ஜனங்ககிட்ட பெருமையா சொல்லிக்க எனக்கு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, ஒருத்தி என் வீட்டுக்குள்ள வந்தாள்னு. அதுவும் போச்சு. இனிமே என்ன சொல்வாங்க? ரிம்மாவே அவளைத் திருடின்னு நினைச்சாளாம், அதைத்தான் சொல்வாங்க."

சொல்லிவிட்டுத் தைஸியா தன் படலை நோக்கி நடந்தாள்.

அந்தக் கோடை முழுக்க வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வணக்கம் மட்டும் நடந்தது. மூடிய தட்டு எதுவும் வரவில்லை. ரிம்மா ஒரு தடவை பழப்பாகு கொண்டுபோனாள். "எங்ககிட்டயும் இருக்கு, நன்றி" என்று தைஸியா மரியாதையாகவே சொல்லி அனுப்பினாள்.

ஆகஸ்ட் கடைசியில் மகார் விடுதலையாகி வந்தான். மறுநாள் காலை ரிம்மாவின் படல் தட்டப்பட்டது. ஒட்ட வெட்டிய தலை, முப்பது வயதுக்கு மேல் இருக்கும், தாயின் அகல முகம். கையில் ஒரு வாளி. ஈரச் சாக்கில் சுற்றிய இரண்டு ஐரிஸ் கன்றுகள், துணி கட்டியபடியே.

"வணக்கம். அம்மா கொடுக்கச் சொன்னாங்க. இது உங்களோடதாம். எங்களோடது உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க."

"ஆமா, ஆமா. வாங்க, மகார். உள்ள வாங்க. நானும் குறிச்சு வச்சிருக்கேன், தோண்டித் தரேன்."

அவன் உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் மேஜை அருகே நின்றான். மேஜைமேல் ரிம்மாவின் கைப்பேசி கிடந்தது. அவள் கை அதுபாட்டுக்குப் போய் அதை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டது. போட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. மகார் பார்த்துவிட்டான். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ரிம்மா கைப்பேசியை வெளியே எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. "பல்முள் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போனாள். பல்முள் வாசலிலேயே சாய்ந்திருந்தது. ஆனாலும் உள்ளே இருட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். உன்னை நம்புகிறேன் என்று அவனுக்குக் காட்டவா நிற்கிறேன், இல்லை அவனைச் சோதிக்கவா? அவளுக்கே விளங்கவில்லை. விளங்காததே அசிங்கமாக இருந்தது.

வெளியே வந்தாள். முற்றத்தில் மகார் இல்லை. கைப்பேசி வைத்த இடத்திலேயே இருந்தது. வாளியை மேஜையடியில் வைத்துவிட்டு, அவன் படலுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி படல் கட்டையின்மேல் இருந்தன.

"மகார், உள்ள வாங்க. ஏன் அங்க நிக்கிறீங்க?"

"பரவாயில்லைங்க. இங்கயே நிக்கிறேன்."

அவள் இன்னொரு தடவை கூப்பிடவில்லை. வாய்க்கால் ஓரம் போய், குச்சி நட்டுக் குறித்து வைத்திருந்த மூன்று நீலக் கன்றுகளையும் வேர் அறாமல் தோண்டினாள். அலசவில்லை, மண்ணோடேயே சாக்கில் சுற்றினாள். படல்வரை சுமந்துகொண்டு போய் அவன் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் வச்சிரணும்" என்றாள்.

"அம்மா குழி எடுத்து வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான்.